நீலக் குழந்தைகளும் நுண்குழாய் மருத்துவமும்

பிறந்த சில நாளில் உதடும் நாக்கும் நீலம் பாரிக்கும் குழந்தைகள் உண்டு. கேமரன் மலை போன்ற குளிர் மிகுந்த இடங்களில் அதனைக் குளிரின் விளைவென்று கருதிவிடுதல் எளிது. ஆனால், நாக்கே நீலமாயின் குற்றம் குளிரில் இல்லை. இருதயத்திலோ நுரையீரலிலோ இருத்தல் கூடும். இருதயக் குறையோடு பிறந்த இத்தகைய குழந்தைகளுள் சிலரை மார்பைப் பிளக்காமலே காக்கும் முறை தோன்றிய வரலாறு யாவரும் அறியத்தக்கது.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற அதே 1929-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர் ஒரு துணிகரச் செயல் புரிந்தார். மேலவரின் தடையையும் மீறி, 65 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாயைத் தம் கை நாளத்தில் தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்றார். அதன் நுனி இருதயத்தை அடைந்ததைப் படமும் எடுத்தார். அவருக்குக் கிட்டியது பாராட்டன்று, கண்டனமே. பின்னர், அமெரிக்காவில் கூர்நாண், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் அம்முறையை நோயறியும் வழியாக வளர்த்தனர். 1956-இல் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

நோயை அறிய உதவிய குழாய் நோயைத் தணிக்கவும் உதவியது எங்ஙனம்? சில குழந்தைகளுக்கு இருதயத்தினின்று புறப்படும் இரு பெரிய நாடிகளும் இடம் மாறி அமைந்துவிடுகின்றன. நல்ல இரத்தம் நுரையீரலுக்கே திரும்புகிறது. கெட்ட இரத்தம் உடலுக்கே செல்கிறது. இரண்டும் எங்கேனும் கலந்தாலன்றி உயிர் நில்லாது. 1966-இல் பிலடெல்பியாவின் வில்லியம் ராஷ்கிண்ட், வில்லியம் மில்லர் ஆகியோர் ஒரு வழியை வெளியிட்டனர். நுனியில் பலூன் பொருத்திய குழாயைத் தொடை நாளத்தின் வழியே ஏற்றி, மேலறைகளுக்கு இடையிலுள்ள சிறு திறப்பைக் கடக்கச் செய்வர். பின்னர் பலூனை உப்பவைத்து வெடுக்கென இழுப்பர். திறப்பு பெரிதாகும், இரத்தம் கலக்கும், நீலம் தணியும். துவாரத்தை அடைப்பது மட்டுமன்று, பெரிதாக்குவதும் மருத்துவமே என்பதை இது தெளிவாக்கிற்று.

வேறு சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குச் செல்லும் வழியே அடைபட்டிருக்கும். கருவிலிருந்தபோது பெருநாடியையும் நுரையீரல் நாடியையும் இணைத்த சிறு நாளம் ஒன்றே அவர்களுக்கு உயிர்வழி. இயற்கையோ அதனைப் பிறந்த சில நாளில் மூடிவிடும். 1944-இல் பால்டிமோரில் ஆல்பிரெட் பிளேலாக் மார்பைத் திறந்து மாற்றுவழி அமைத்தார். 1992-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் மருத்துவர்கள், நுண்குழாயின் வழியே ஸ்டென்ட் என்னும் கம்பிவலையை அச்சிறு நாளத்தில் வைத்து அது மூடாமல் தடுக்கும் முறையை வெளியிட்டனர்.

அதே ஆண்டில் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் தொடங்கிற்று. அங்கே டாக்டர் மஸெனி அல்வி குழுவினர் அம்முறையை வளர்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, உலக மருத்துவர்களின் கருத்தை ஈர்த்தது. மலேசிய மண்ணில் விளைந்த இவ்வறிவு நமக்குப் பெருமை தருவதாகும்.

எனினும், ஸ்டென்ட் நிலையான தீர்வன்று. பின்னர் வரும் அறுவைக்குக் குழந்தை வளரக் காலம் ஈட்டித் தருவதே அதன் பணி. அக்காலமும் நாளத்தோடு போட்டியிடுகிறது. கம்போங் ராஜாவிலிருந்து தலைநகருக்குப் பல மணிப் பயணம். ஆகவே, நாக்கு நீலமாதல், பால் குடிக்கையில் மூச்சு வாங்குதல், வியர்த்தல் ஆகியவற்றைக் கண்டதும் தாய்மார் அன்றே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். ஒரு நாள் தாமதம் ஓர் உயிரின் விலையாகலாம்.