முக்கொம்பும் இரட்டைத் தலைமையும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. இரண்டிற்கும் இடையே திருவரங்கம் தீவாகத் திகழ்கிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலால் நீர் அப்பக்கமே மிகுதியாகச் சாய, தஞ்சை வயல்களுக்குரிய பங்கு குறைந்தது. இக்குறை நீங்க, 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பினார். ஆறு இரண்டாகப் பிரிந்தால் மட்டும் போதாது, பங்கை வரையறுக்க அணையும் வேண்டும் என்பது இவ்வூர் கண்ட பாடமாகும்.

ஆட்சியதிகாரத்திற்கும் இப்பாடம் பொருந்தும். இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி செயற்படுகிறார். ஆட்சியை நடத்துபவர் பிரதமர். அமெரிக்காவிலோ பிரதமர் பதவியே இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது அரை அதிபர் முறை. இதில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். பிரதமர் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையால் நிலைபெறுகிறார். பெரும்பான்மை அதிபரின் கட்சியிடம் இருப்பின் அவர் கை ஓங்கும். எதிரணியிடம் சென்றால் உள்நாட்டு ஆட்சி பெரிதும் பிரதமரிடம் சேரும். பிரான்சில் 1986இல் மித்தரான் அதிபராகவும் சிராக் பிரதமராகவும் அவ்வாறே ஆண்டனர்.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசமைப்பும் இம்முறையைத் தழுவியது. எனினும் அங்கே அதிபரின் பக்கம் படுகை மிகத் தாழ்ந்திருந்தது. அமைச்சரவைக்கும் அவரே தலைவர். தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்தால் நாடாளுமன்றத்தைக் கலைக்கவும் அன்று வல்லவராயிருந்தார். 2002இல் பிரதமர் இரணில் விக்கிரமசிங்க விடுதலைப் புலிகளோடு போர்நிறுத்த உடன்பாடு கண்டார். மாற்றுக் கட்சியினரான அதிபர் சந்திரிகா குமாரதுங்க 2003 நவம்பரில் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதிகாரம் எவரிடம் என்பது தெளிவுறும்வரை நார்வே தன் நடுவர் பணியை நிறுத்திவைத்தது. 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றமே கலைக்கப்பெற்றது. திருச்சியின் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்க்கு இது அயல்நாட்டுச் செய்தியன்று. ஊர் திரும்பும் நாள் பற்றிய செய்தி.

2015இல் பத்தொன்பதாம் திருத்தம் அதிபரின் அதிகாரத்திற்குக் கரை கட்டியது. 2018 அக்டோபரில் அதிபர் மைத்திரிபால சிறிசேன பிரதமர் இரணிலை நீக்கி, மகிந்த இராசபக்சவை அமர்த்தினார்; பின்னர் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அக்கலைப்பு செல்லாது என்றனர். இரணில் மீண்டும் பதவியேற்றார். கரை தாங்கிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில், கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. 182 ஆண்டுகள் நின்ற அணைக்கும் அந்நிலை நேர்ந்தது. புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. இலங்கையிலும் 2020இன் இருபதாம் திருத்தம் அதிபரின் அதிகாரத்தை மீண்டும் பெருக்கியது. 2022இன் இருபத்தோராம் திருத்தம் அதில் ஒரு பகுதியைக் குறைத்தது. அரசமைப்பும் அணை போன்றதே. கட்டியவரோடு பணி முடிவதில்லை. இரு கிளைகளுக்கும் இடையே வாழ்பவர்கள் மக்கள், காவற்பொறுப்பும் அவர்களுடையதே.