ஓடும் வண்டியும் ஓய்ந்த வண்டியும்

பழம்பொருள் சேர்ப்போரிடையே மிதிவண்டிக்கும் இப்போது ஒரு மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. நேற்றுவரை பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பொருள் இன்று கண்ணாடிப் பேழைக்குள் புகுந்துவிட்டது. அத்துடன் ஒரு வழக்கும் எழுந்துள்ளது. கிடைத்தற்கரிய பழைய மிதிவண்டியை ஓட்டலாமா, ஓட்டாமல் காக்க வேண்டுமா? ஓட்டாத வண்டி வெறும் இரும்பு என்பர் ஒரு சாரார். ஓட்டினால் தேயும், தேய்ந்தது திரும்ப வாராது என்பர் மற்றொரு சாரார். இரு கட்சியாரும் ஆத்திரத்தோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நான் எக்கட்சி என்று சொல்வதற்கு முன்பு என் வீட்டில் நிற்கும் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

என் பாட்டனார் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் வாங்கிய ராலி மிதிவண்டி இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் செய்யப்பட்டது. முன்புறம் நாரைத் தலை பொறித்த வில்லை. பின்சக்கரத்தின் நடுவே ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேக அமைப்பு. அதன் கூட்டின்மேல் 52 என்று வெட்டப்பட்டிருக்கும். 1952ஆம் ஆண்டைக் குறிக்கும் எண் அது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டு. காட்டிலிருந்தோருக்கு அரிசி போகிறதா என்று தோட்டத்து வாசலில் மிதிவண்டிகளை நிறுத்திச் சோதித்த நாள்கள். சில மாதங்களுக்கு முன் சேகரிப்பாளர் ஒருவர் இவ்வண்டியைக் காண வந்தார். இரண்டு முறை சுற்றி வந்தார்; சட்டத்தை விரலால் தடவினார்; சாயம் புதிதா என்று கேட்டார். ஆம் என்றேன். தேநீரைக் குடித்துவிட்டு, விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் விடைபெற்றார்.

அவர் பேசாமல் போனதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அதை விளக்க வேண்டுமானால் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும்.

மிதிவண்டியின் வரலாறு பெரும்பாலும் தேய்மானத்தின் வரலாறே. 1817இல் செர்மனியின் மேன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் தம் மரவண்டியைக் காலால் உந்தி ஓட்டினார். அதில் மிதிகட்டை இல்லை. 1860களில் பாரிசில் முன்சக்கரத்தில் மிதிகட்டை ஏறியது. பின்னர் ஆள் உயரச் சக்கரம் வந்தது. 1885இல் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ஏறக்குறைய சம அளவுச் சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட ரோவர் வண்டியைச் செய்தார். இன்று நாம் ஏறி அமரும் வண்டி அதன் வழித்தோன்றலே. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அந்த டயர் கேட்ட ரப்பரும், பிறகு மோட்டார் வண்டி கேட்ட ரப்பரும் மலாயாக் காடுகளைத் தோட்டங்களாக்கின. நம் முன்னோரைக் கப்பலேற்றின. ஆகவே டயர் தேய்வதைப் பற்றித் தோட்டத்தில் பிறந்தவன் கண்ணீர் விடுவது சற்று வேடிக்கையானதே. டயரும் சங்கிலியும் தடைக்கட்டையும் தேய்வதற்கென்றே படைக்கப்பட்டவை. அவை தேய்ந்தால் வண்டியின் வரலாறு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் எல்லா வண்டிக்கும் இவ்விதி பொருந்துமா? பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25ஆம் நாள் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49 கிலோமீட்டர் 431 மீட்டர் தூரம் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அதற்காக இத்தாலியக் கைவினைஞர் எர்னெஸ்டோ கொல்னாகோ கட்டித் தந்த வண்டி ஆறு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ளது. எடையைக் குறைப்பதற்காகச் சங்கிலியிலும் துளையிட்டிருந்தார். அவ்வண்டி செய்ய வேண்டிய வேலை ஒரு மணி நேர வேலை. அதைச் செய்து முடித்துவிட்டது. இன்று அது பிரசல்சு நகரில் மெர்க்ஸ் பெயர் தாங்கிய சுரங்க ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது. வேலைக்கு விரைவோர் அதைத் திரும்பியும் பாராமல் ரயிலேறுகின்றனர். அதனை எடுத்து ஓட்டுங்கள் என்று எவரும் சொல்லார். ஓட்டி நாம் அறியப் போவது என்ன? துளையிட்ட சங்கிலி அறும் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே கிசல்லோ என்னும் குன்றில் ஒரு சிறு தேவாலயம் உண்டு. 1949இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் அங்குள்ள மாதாவை மிதிவண்டி ஓட்டுவோரின் காவல் அன்னையாக அறிவித்தார். கோப்பி, பார்தாலி முதலிய பெருவீரர்களின் வண்டிகள் அச்சிறு கோயிலின் சுவர்களில் தொங்குகின்றன. நம் மாரியம்மன் கோயில்களில் கண்மலரும் வெள்ளித் தொட்டிலும் காணிக்கையாக வைப்பதை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதுமையாகத் தோன்றாது. அங்கே நொறுங்கிய வண்டி ஒன்றும் இருக்கிறது. 1995 ஜூலையில் பிரெஞ்சுச் சுற்றுப் போட்டியில் பிரினே மலையிறக்கத்தில் விழுந்து உயிர்நீத்த பாபியோ கசார்தெல்லியின் வண்டி அது. முந்திய ஒலிம்பிக்கில், 1992இல், பார்சிலோனாவில் தங்கம் வென்ற இளைஞர் அவர். அந்த வண்டியை நேராக்கிச் சாயம் பூசி ஓட்டலாமே என்று ஒருவர் சொன்னால் அவரை நாம் என்னவென்று கருதுவோம்? அங்கே வளைவுதான் வரலாறு. அதை நிமிர்த்துவது சாட்சியை அழிப்பதாகும்.

அதே இத்தாலியில், தொஸ்கானா மாநிலத்தின் கயோலே என்னும் சிற்றூரில், இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கிடையே ஓடும் வெள்ளை மண்சாலைகள் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைகளாகி வந்த காலம். அவற்றைக் காக்க விரும்பிய ஜியான்கார்லோ புரோச்சி, 1997இல் பழைய வண்டியோட்டம் ஒன்றைத் தொடங்கினார். எரோய்கா, அதாவது வீரமிக்கது, என்று அதற்குப் பெயர். தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவானோரே கலந்துகொண்டனர். பின்னர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அதன் விதிகள் கடுமையானவை. 1987க்குப் பிந்திய பந்தய வண்டிக்கு இடமில்லை. பல்மாற்றும் நெம்பு சட்டத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும். தடைக்கம்பி கைப்பிடியின் வெளியே வளைந்து தெரிய வேண்டும். பாதத்தை வாரால் கட்ட வேண்டும். புழுதி படிந்த அந்த ஊர்வலத்தின் விளைவாக அச்சாலைகள் மண்சாலைகளாகவே காக்கப்பட்டன. 2007 முதல் தொழில்முறை வீரர்களின் பந்தயம் ஒன்றும் அவற்றின்மீது நடந்து வருகிறது. சுவரில் மாட்டிய வண்டிகளால் ஒரு சாலையைக் காத்திருக்க முடியுமா? எரோய்காவால் பழைய பந்தய வண்டிகளின் விலை ஏறிவிட்டது என்று முணுமுணுப்போரும் உளர். முணுமுணுக்கட்டும். அதே காரணத்தால்தான் பரண்களில் துருப்பிடித்துக் கிடந்தவை வெளியே வந்தன. மறந்துபோன உதிரிகள் மீண்டும் வார்க்கப்பட்டன.

விலை என்று சொன்னதும் ஒரு விந்தை நினைவுக்கு வருகிறது. 2009இல் ஆங்கில ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் மெய்யான பட்டாம்பூச்சி இறகுகளை ஒட்டி அலங்கரித்த வண்டியில் லான்சு ஆம்ஸ்டிராங் பாரிசு நகருக்குள் நுழைந்தார். அது ஏலத்தில் 5 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. பின்னர் ஊக்கமருந்துக் குற்றத்தால் அவ்வீரரின் வெற்றிகள் பறிக்கப்பட்டன. அது பழமையானதன்று, எனினும் விலைக்கும் பெருமைக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை அது காட்டுகிறது.

காத்து வைத்தால் கெடாது என்னும் நம்பிக்கையையும் சற்று ஆராய வேண்டும். நிற்கும் வண்டியும் மூப்படைகிறது. பூசிய மசகு உறைந்து மெழுகாகிறது. காற்றிழந்த டயர் தன் மடிப்பிலேயே வெடிக்கிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் நிக்கல் முலாம் புள்ளி புள்ளியாகக் கொப்புளிக்கிறது. ஓட்டுவோரும் ஓர் உண்மையை மறக்கலாகாது. எஃகுச் சட்டம் தாங்கும் எல்லைக்குள் சுமை ஏற்றினால் நெடுங்காலம் உழைக்கும். அலுமினியக் கைப்பிடியும் அதன் தண்டும் அப்படியல்ல. ஒவ்வோர் அதிர்வும் அவற்றின் ஆயுளில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வருகிறது. ஐம்பது ஆண்டு உழைத்த அலுமினியக் கைப்பிடியை நம்பி மலையிறங்குவது வீரமன்று. அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதியதொன்றைப் பூட்டி ஓட்டுவதால் எவருக்கும் தலைகுனிவில்லை.

நம் மண்ணுக்கு வருவோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் கரையேறிய சப்பானியர் எழுபது நாள்களில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூரைக் கைப்பற்றினர். காலாட்படையின் பெரும்பகுதி மிதிவண்டியில் வந்தது. போருக்கு முன்பே சப்பானிய வண்டிகள் இங்கு மலிவாக விற்கப்பட்டிருந்ததால் உதிரிகளுக்குப் பஞ்சமில்லை. பற்றாக்குறைக்கு ஊர் மக்களின் வண்டிகளைப் பிடுங்கிக்கொண்டனர். வெயிலில் டயர் வெடித்தபோது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசையைப் பீரங்கி வண்டிகளின் ஓசையென்று எதிர்ப்படை மயங்கியதாகச் சொல்வர். அத்தகைய வண்டி ஒன்று, வளையம் நசுங்கிய நிலையில், ஏதேனும் கம்பத்து வீட்டின் பின்புறத்தில் இன்று கிடைத்தால் அதற்கு டயர் மாட்ட நான் ஒப்பமாட்டேன். கசார்தெல்லியின் வண்டிக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு.

இத்தனையும் எண்ணிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுவே. அருமை, விலை இரண்டும் இவ்வழக்கைத் தீர்க்கா. அந்த வண்டி எதற்குச் சாட்சி, அச்சாட்சி அதன் எப்பகுதியில் தங்கியிருக்கிறது என்று கேட்க வேண்டும். வளைந்த இரும்பிலும் பழைய சாயத்திலும் தங்கியிருந்தால் தொடாமல் காக்க வேண்டும். ஓட்டத்தில் தங்கியிருந்தால் ஓட்ட வேண்டும். ஆள் உயரச் சக்கர வண்டியில் பின்னாலிருந்து ஏறி, ஓடும்போதே இருக்கையில் அமரும் கலை ஏட்டில் எழுதிக் காக்கக்கூடியதன்று. இங்கிலாந்தில் 1955இல் தொடங்கிய பழைய வண்டிச் சங்கத்தார் போன்றோர் அதை ஓட்டியே காத்து வருகின்றனர்.

என் குற்றத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பாட்டனார் மறைந்த சில ஆண்டுகளில் வண்டி மங்கிப்போய்விட்டதே என்று வருந்தி, பட்டறை ஒன்றில் கொடுத்துச் சட்டத்தைத் தேய்த்துப் பளபளக்கும் கருஞ்சாயம் அடிக்கச் சொன்னேன். முப்பது ஆண்டு பால்வாளி உரசிய தழும்பும், ஒட்டுப்பால் மூட்டையைக் கட்டிய கயிறு அரித்த தடமும், பொன்வரிக் கோடுகளும் ஒரே பிற்பகலில் போயின. அன்பினால்தான் செய்தேன். சேகரிப்பாளர் விலை பேசாமல் எழுந்ததில் வியப்பில்லை. அவர் தேடி வந்ததை நான் முன்னமே தேய்த்து எறிந்திருந்தேன்.

ஆதலால் இப்போது அதை ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் காலையில் சந்தைக்குப் போய் வருகிறேன். பின்சக்கரத்தினுள் எழும் டிக் டிக் ஒலியைப் பட்டறையாரால் மாற்ற முடியவில்லை. விடியலில் லயத்து வாசலில் நான் கேட்ட அதே ஒலி. சென்ற மாதம் விளக்கு பொருத்தும் பட்டையைத் துடைப்பதற்காகக் கழற்றினேன். பட்டறையார் அதைக் கழற்றாமலே சாயம் அடித்திருக்கின்றனர். அடியில் இரண்டு விரல் அகலத்தில் பழைய பச்சைச் சாயமும் நூல்போல மெலிந்த பொன்வரியின் துண்டும் அப்படியே இருந்தன. துடைக்காமல் பட்டையை மீண்டும் முடுக்கி வைத்துவிட்டேன்.