இரத்தம் இல்லாமல் பிறந்த கை

1940இல் வெளிவந்த ‘பேட்மேன்’ முதல் இதழில் நாயகனின் விமானத்தில் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. அதைக்கொண்டு ஒரு லொறியைச் சுட்டான். அரக்கனாக மாற்றப்பட்ட ஒருவனின் கழுத்தில் சுருக்கு மாட்டி வானத்தில் தொங்கவிட்டான். வாசகர்களான பையன்கள் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. பதிப்பக ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த்துக்குத்தான் நெஞ்சு உறுத்தியது. இனிமேல் பேட்மேன் துப்பாக்கி தூக்கக் கூடாது, எவரையும் கொல்லவும் கூடாது என்று கட்டளையிட்டார். முகமூடி வீரர்களின் பக்கங்களில் இரத்தம் வற்றத் தொடங்கியது. ஆனால் பேட்மேன் வெளிவந்த அதே நியூயோர்க்கில், பைபிள் படக்கதை அச்சிட்டுக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில், அது ஊற்றெடுக்கக் காத்திருந்தது.

அந்த நிறுவனத்தை நடத்திய மாக்ஸ் கெய்ன்ஸ் 1947இல் படகு விபத்தில் இறந்தார். பொறுப்பு மகன் வில்லியத்தின் தலையில் விழுந்தது. அவருக்கு இந்தத் தொழிலில் ஆசையே இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் பைபிள் கதைகள் போய், பிணங்களும் கோடரிகளும் வந்தன. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1954இல் மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று ஒரு நூலே எழுதினார். பேய்க்கதைகளோடு சூப்பர்மேனையும் பேட்மேனையும் சேர்த்தே குற்றக்கூண்டில் ஏற்றினார். அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணையைத் தொடங்கியது. சாட்சி சொல்ல வில்லியம் கெய்ன்ஸ் தாமாகவே முன்வந்தார்.

ஏப்ரல் 21. செனட்டர் கெஃபோவர் ஓர் அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் இரத்தம் தோய்ந்த கோடரி, மறு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். பேய்க்கதை அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, கழுத்திலிருந்து இரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் தவறு என்றும் விளக்கினார். மறுநாள் அது பத்திரிகைகளில் முதற்பக்கச் செய்தி. பதிப்பாளர்கள் நடுங்கிப்போனார்கள். தங்களுக்குத் தாங்களே விலங்கு மாட்டிக்கொள்ள அவர்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பால் ஒரு மயானத்தில் பிள்ளைகள் கூடத் தொடங்கினார்கள்.

செப்டம்பர் 23, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். கத்தி, கூராக்கிய தடி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கோர்பல்ஸ் பகுதியின் பெரிய மயானத்துக்குள் புகுந்தார்கள். ஏழடி உயரமும் இரும்புப் பற்களும் கொண்ட இரத்தக்காட்டேரி ஒன்று இரண்டு பையன்களைத் தின்றுவிட்டதாம். அதைக் கொல்லப் போகிறார்களாம். ஊரில் எந்தப் பையனும் காணாமல் போயிருக்கவில்லை. பொலிஸ் வந்தும் கூட்டம் எளிதில் கலையவில்லை. இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் கேட்டார்கள். அமெரிக்கப் பேய்க் காமிக்ஸ்தான் என்று விரல்கள் நீண்டன. ஆசிரியர்களும் திருச்சபையினரும் கம்யூனிஸ்டுகளும் அந்தக் காமிக்ஸை ஏற்கெனவே எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்கப் பதிப்பாளர்களின் சுயதணிக்கை விதிகளான ‘காமிக்ஸ் கோட்’ வந்தது. 1955இல் பிரித்தானியா ஒரு படி மேலே போய்ச் சட்டமே போட்டது. வன்முறையையும் கொடூரத்தையும் படக்கதையாகக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கும் வெளியீடுகளை அச்சிடுவது குற்றமானது. அந்தச் சட்டம் கப்பல் ஏறியது.

1956இல் இந்தியாவில் அதே சாயலில் ஒரு சட்டம் பிறந்தது. இலங்கை நாடாளுமன்றமும் அதே ஆண்டில் 48ஆம் இலக்கச் சட்டமாக அதை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் எது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தனிச் சிங்களச் சட்டம் விவாதத்தில் இருந்த ஜூன் மாதத்தில் கல்லோயாவில் தமிழர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் இரத்தப் படம் பார்க்கக் கூடாது என்று அக்கறைப்பட்ட சபைக்கு, அந்தப் பிள்ளைகளின் கண்முன்னே ஓடப்போகும் இரத்தத்தைத் தடுக்கும் அக்கறை இருக்கவில்லை. இந்த இரண்டு இலக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் கோபம் இன்றும் அடங்குவதில்லை.

லண்டனிலோ படக்கதை எழுதுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். அடிதடி வேண்டும், இரத்தம் கூடாது. 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ வார இதழ் தொடங்கியபோது, கென் பல்மர் எழுத, பார்சிலோனா ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைய, ஒரு விசித்திரப் பாத்திரம் வந்தது. ஆய்வுகூட விபத்தில் வலக்கையை இழந்து உலோகக் கை பூட்டிக்கொண்ட உதவியாளன் அவன். இன்னொரு விபத்தில் உடலில் மின்சாரம் பாய்கிறது. உடல் முழுவதும் மறைந்துவிட, கை மட்டும் காற்றில் மிதக்கிறது. முதலில் அவன் வங்கி கொள்ளையடிக்கும் கெட்டவன். பிறகுதான் திருந்தி உளவாளியானான். விரல் நுனியில் மின்னதிர்ச்சி, விரலுக்குள்ளிருந்து மயக்கவாயு. எதிரி சுருண்டு விழுந்தான், காகிதத்தில் ஒரு சொட்டு இரத்தம் படவில்லை. கத்தியும் கோடரியும் செய்த வேலையை ஒரு கை செய்து முடித்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கை சிவகாசியில் கதவைத் தட்டியது.

1972. பதிப்பாளர் சௌந்தரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். முதல் இதழின் நாயகன் லூயிஸ் கிராண்டேல். தமிழ்நாடு அவனை வேறு பெயரில்தான் அறியும்: இரும்புக்கை மாயாவி.

இலங்கையில் அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். இந்திய இதழ்கள் தாராளமாக வருவதற்கு 1977இன் திறந்த பொருளாதாரம் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் நடுவே, களப்பு கடலோடு சேரும் இறக்கக்கண்டி போன்ற கரையோர ஊர்களுக்குப் புத்தகம் எதுவானாலும் திருகோணமலைப் பட்டினத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. 1984இல் சிவகாசியில் ‘லயன் காமிக்ஸ்’ பிறந்தது; வலைத்துப்பாக்கியும் வாயுத்துப்பாக்கியும் ஏந்திய பிரித்தானியக் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடர் அதில் தமிழ் பேசினான். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை லண்டன் இதழ் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்த வீரர்கள் எவரையும் இரத்தம் வர வெட்டவில்லை. ஆனால் மறு ஆண்டே, பிறகு 1990இலும், திருகோணமலையின் வடகரை மக்கள் வன்முறைக்கு அஞ்சி வீடுகளை விட்டு ஓடினார்கள். சட்டம் மறைத்துவைத்த காட்சிகளைப் பிள்ளைகள் தெருவில் கண்டார்கள்.

அமெரிக்காவில் இரத்தம் இதற்குள் பின்கதவால் திரும்பிக்கொண்டிருந்தது. 1973இல் ‘ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழில், பாலத்திலிருந்து விழும் காதலி குவென் ஸ்டேசியை நாயகன் வலை வீசிப் பிடிக்கிறான். அவள் கழுத்தருகே ‘ஸ்நாப்’ என்று மிகச் சிறிய எழுத்துகள். காப்பாற்றிய வலையே கொன்றுவிட்டது. வீரக் காமிக்ஸில் அதைவிடக் கொடிய காட்சி வரையப்படவில்லை என்பேன். அதில் காயமே கிடையாது. காமிக்ஸுக்கென்றே தனிக்கடைகள் பெருகிய பிறகு, விதிகளுக்கு இணங்கிய இதழ்களின் அட்டையில் பதித்த ‘கோட்’ முத்திரை தேவையற்றுப் போனது. 1986இல் பிராங்க் மில்லரின் முதிய பேட்மேன் எலும்புகளை முறித்தான். 1988இல் பேட்மேனின் எதிரி ஜோக்கர், பொலிஸ் ஆணையாளரின் மகள் பார்பரா கோர்டனை வாசற்படியில் சுட்டான். 2011 ஜனவரியில் கடைசிப் பதிப்பாளர்களும் முத்திரையைக் கைவிட்டார்கள்.

இரும்புப் பல் காட்டேரியின் வழக்கு மட்டும் பாக்கி இருந்தது. 1980களில் சாண்டி ஹாப்ஸ், டேவிட் கார்ன்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் அதை மறுபடி துருவினார்கள். கிளாஸ்கோ சிறுவர்கள் 1930களிலேயே, பேய்க் காமிக்ஸ் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, இப்படிப் பூதவேட்டைக்குக் கிளம்பியிருந்தார்கள். இரும்புப் பல் கொண்ட காட்டேரி எந்த அமெரிக்கக் காமிக்ஸிலும் அகப்படவில்லை. இரும்புப் பல் கிழவியைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்துக் கவிஞர் ஒருவர் எழுதிய பாட்டு கிடைத்தது. இருப்புப் பற்களுடைய மிருகம் இன்னொரு நூலிலும் இருந்தது: பைபிளின் தானியேல் புத்தகம்.