இளம் விண்மீன் வட்டுகளும் அகச்சிவப்பு வானியலும்

புதிதாகப் பிறந்த விண்மீன்களைச் சூழ்ந்திருக்கும் வளிம, தூசு வட்டுகளை அகச்சிவப்பு ஒளியில் ஆராயும் துறை. கோள்கள் உருவாவது இவ்வட்டுகளில்தான். விண்மீனை ஒட்டி 1,500 கெல்வின் அளவுக்குச் சூடேறிய தூசு 2 மைக்ரான் அலைநீளத்தருகிலும், தொலைவிலுள்ள குளிர்ந்த தூசு 10 மைக்ரானுக்கு அப்பாலும் ஒளிர்கிறது. எந்த அலைநீளத்தில் ஒளி மிகுகிறது என்பதைக் கொண்டு வட்டின் அமைப்பை அறியலாம்.

தொடக்கம்

டி டௌரி வகை விண்மீன்களை ஆல்ஃபிரட் ஜாய் 1945-இலும், அவற்றினும் நிறைமிக்க இளம் விண்மீன்களை ஜார்ஜ் ஹெர்பிக் 1960-இலும் இனங்கண்டனர். டி டௌரி விண்மீன்களின் மிகை அகச்சிவப்பு ஒளியை 1966-இல் யூஜினியோ மெண்டோசா வெளியிட்டார். 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள், அபிஜித் எனப்படும் வேகாவைச் சுற்றித் தூசு இருப்பதைக் காட்டியது. மறு ஆண்டே பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் வட்டு படமாகவே கிடைத்தது.

இந்தியாவில்

காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பைப் பெருமளவு உறிஞ்சிவிடும். குமரி போன்ற ஈரக் கடற்கரைகள் இந்த ஆய்வுக்கு ஒவ்வாததும், வானியலாளர் உயரம் தேடிப் போனதும் இதனால்தான். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1 மீட்டர் தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றி, விண்மீன் பிறக்கும் முகில்களைத் தொலை அகச்சிவப்பில் ஆராய்ந்தது. அபு மலையின் குருசிகரத்தில் 1.2 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் இமயச் சந்திரா தொலைநோக்கி இயங்குகிறது. 2013-இல் அதில் அகச்சிவப்பு நிறமாலைமானி பொருத்தப்பட்டது. வட்டுப் பொருள் பெருமளவில் விண்மீன்மேல் விழுந்ததால் 2003 இறுதியில் திடீரெனப் பிரகாசித்த வி1647 ஓரியோனிஸ் என்னும் இளம் விண்மீனை இந்திய ஆய்வாளர்கள் ஹான்லேயிலிருந்து தொடர்ந்து கவனித்தனர்.

வட்டின் ஆயுள்

சூரியனையொத்த விண்மீன்களில் பாதி, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்குள் வட்டை இழக்கின்றன என்று 2001-இல் ஹைஷ், லாடா குழுவினர் கணித்தனர். ஹெர்பிக் இனங்கண்ட நிறைமிக்க விண்மீன்களிலும் வட்டுப் பொருள் விழுவது ஏறத்தாழ அதே வயதில் வெகுவாகக் குறைகிறது என்று மனோஜ், பட் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். வியாழன் போன்ற வளிமக் கோள்கள் இக்குறுகிய காலத்துக்குள் உருவாகியே தீரவேண்டும். இத்துறை தந்த மிகப் பெரிய அறிவு இதுவே.

குமரியில் காண

63 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பீட்டா பிக்டோரிஸ், கன்னியாகுமரியிலிருந்து தை மாத முன்னிரவில் தெற்குக் கடலுக்கு மேலே சுமார் 31 பாகை உயரத்தில், இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.