நல்லதம்பிக்கு வந்த செல்வம்

ஏழை ஒருவனுக்கு எதிர்பாராமல் பெருஞ்செல்வம் வந்து சேருமாயின், அவனைக் கெடுப்பது யாது? செல்வமா, அச்செல்வத்தைச் சூழ்ந்து நிற்போரா? 1949 இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ என்னும் படம் எழுப்பிய வினா இது.

அதன் மூலக்கதை அமெரிக்காவில் பிறந்தது. பிராங்க் காப்ரா 1936 இல் இயக்கிய ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்பதே அது. சிற்றூர்வாசியான டீட்ஸுக்கு மாமன் சொத்து இரண்டு கோடி டாலர் கிட்டுகிறது. கையாடலை மறைக்க விரும்பும் வக்கீல், அதிகாரப் பத்திரம் வேண்டி நயமொழி பேசுகிறார். டீட்ஸ் அப்பணத்தால் ஏழை உழவர்களுக்கு நிலம் வழங்கத் துணிந்தவுடன், அவனைப் பித்தன் என்று மன்றில் நிறுத்துகின்றனர். பறிக்க நினைத்தவர் அறிவாளர். கொடுக்க நினைத்தவன் பித்தன்! என்னே உலக நீதி!

இக்கதையைத் தமிழ் மண்ணுக்கேற்ப அறிஞர் அண்ணாதுரை எழுதினார், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நல்லதம்பியாக நடித்தார். சென்னை மாகாணம் முழுவதும் 1948 அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்திருந்த காலம் அது. ஆகவே ஜமீன் சொத்தின் கதை, கள்ளை ஒழிக்கும் பிரசாரமாகவும் ஆயிற்று. நந்தனார் சரித்திரத்தை அடியொற்றிய ‘கிந்தனார்’ காலட்சேபத்தில், தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் தில்லைக்கு ஏங்கவில்லை. கல்விக்காகப் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான்.

1932 இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935 இல் ‘தமிழ் முரசு’ம் தோன்றிய ஊர் சிங்கப்பூர். கள்ளச் சூதை ஒடுக்க 1968 இல் அரசே ‘சிங்கப்பூர் பூல்ஸ்’ நிறுவனத்தை ஏற்படுத்தியது. தோட்டத்துக் கிராணியாகிய யான் விடுமுறை நாளொன்றில் சிராங்கூன் சாலையில் அச்சீட்டு வரிசையைக் கண்டேன். “ஒரு நம்பர் விழுந்தால் போதும் அண்ணே, ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் தீரும்” என்றான் ஓர் இளைஞன். அக்கடனுக்கு வட்டி எவ்வளவு என்று வினவினேன். அவன் அறியான், பத்திரம் ஊரில் தந்தையார் கையெழுத்திட்டதாம்.

எனக்கு நாணம் உண்டாயிற்று. சம்பளப் புத்தகத்தை நீட்டி, படியாதவரிடம் கையெழுத்து வாங்கும் தொழில் அன்றோ என்னுடையது! “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டோர் மிகச் சிலர், கேளாதவர்க்கு யானே படித்துச் சொன்ன நாளும் சிலவே.

தோழர்களே! டீட்ஸ் தப்பியது பணத்தாலன்று. நீட்டிய தாளில் உடனே கையெழுத்திடாமையால். திடீர்ச் செல்வம் ஆயிரத்தில் ஒருவனுக்கும் வாராது. தாளோ எல்லோர்க்கும் நீட்டப்படுகிறது. அதனைப் படிக்கும் திறனையும், படிப்பித்துக் கேட்கும் துணிவையும் பெறுவோமாக!