காணிக்கைப் பெட்டியில் பிறந்த கல்விக்கூடம்

வாசலில் வந்து நிற்கும் ஏழைக்கு ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து அனுப்புவது ஒருவகை ஈகை. அவனை உள்ளே அழைத்து, அமரச் செய்து, எழுத்தறிவிப்பது மற்றொரு வகை. முதல் வகையை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். இரண்டாவது நமக்கு அருமையாகவே கிட்டியது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குக் கடந்து சென்ற ஒரு போதகரின் வரலாற்றை நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கூறுவது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன். நிகழ்ந்த இடம் செருமனி நாடெனினும், அதன் கிளையொன்று நம் சோழ மண்டலக் கடற்கரை வரை நீண்டு வந்தது.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1663ஆம் ஆண்டு பிறந்தவர். 1692இல் ஹாலே நகரில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், நகரை ஒட்டிய கிளௌகா என்னும் சிற்றூரின் சபைப் போதகராகவும் பொறுப்பேற்றார். பத்தாண்டுகளுக்கு முன் கொள்ளைநோயால் நிலைகுலைந்த ஊர் அது. வறுமையும் மதுக்கடைகளும் அங்கே ஒருங்கே மலிந்திருந்தன. வியாழக்கிழமைதோறும் ஏழைகள் போதகரின் வீட்டு வாசலில் ரொட்டிக்காகக் கூடுவது வழக்கம். ஒருநாள் பிராங்கே அவர்களை வீட்டிற்குள் அழைத்தார். பிள்ளைகளிடம் சமயத்தின் அடிப்படைகளைக் கேட்டபோது ஒன்றும் அறியாதிருக்கக் கண்டு உளம் வருந்தினார். பள்ளிச் சம்பளம் கட்டப் பெற்றோர் கையில் பணம் கொடுத்துப் பார்த்தார். பணத்தை வாங்கிக்கொண்டனரேயன்றி, பிள்ளைகள் கல்வி பெறவில்லை.

அதன்பின் தம் வீட்டு அறையில் ஒரு காணிக்கைப் பெட்டியை வைத்தார். 1695ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பெண்மணி அதில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் ஒருசேர இட்டார். ஒரு தாலருக்கு 24 குரோஷன் என்பது அன்றைய கணக்கு. இது நல்லதொரு மூலதனம், இதைக் கொண்டு உருப்படியான ஒன்றைத் தொடங்க வேண்டும், ஏழைப் பள்ளியொன்றை ஆரம்பிப்பேன் என்று பிராங்கே அன்றே துணிந்தார். இரண்டு தாலருக்கு 27 புத்தகங்கள் வாங்கினார். வாரம் ஆறு குரோஷன் ஊதியத்தில் ஓர் ஏழை மாணவனை நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பிக்க அமர்த்தினார். அவ்வூதியத்திற்கென இருந்த இரண்டு தாலர் எட்டு வாரங்களுக்குப் போதுமானது. ஒன்பதாம் வாரத்திற்கு வழி என்ன? அதை இறைவன் பொறுப்பில் விட்டார்.

27 புத்தகங்களையும் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். திரும்பி வந்தவை நான்கே. எஞ்சியவை பிள்ளைகளோடு மறைந்தன. முப்பதாண்டுகளுக்குக் குறையாமல் அரசுப் பள்ளிகளில் பணியாற்றிய எனக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. என் பள்ளி நூலகப் பதிவேட்டிலும் இத்தகைய கணக்குகள் உண்டு. இதைக் காரணம் காட்டி, இவர்களுக்குக் கல்வி எதற்கு என்று கையை உதறிவிட்டவர்களை நம் சமுதாயம் நிரம்பவே கண்டிருக்கிறது. பிராங்கே அவ்வாறு செய்யவில்லை. மீதமிருந்த பதினாறு குரோஷனுக்கு மறுபடியும் புத்தகம் வாங்கி, பாடம் முடிந்ததும் அவற்றைப் பள்ளியிலேயே வைத்துச் செல்லுமாறு விதி செய்தார்.

பள்ளி வளர்ந்தது; அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தேவைப்பட்டது. 1698ஆம் ஆண்டு ஜூலையில் பெரியதோர் இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. கட்டடம் முழுமைக்குமான பணம் கையில் இல்லை. வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கவேண்டிய வேளையில் பெட்டி வெறுமையாய் இருந்ததும், அந்நேரத்திலேயே எங்கிருந்தோ காணிக்கை வந்து சேர்ந்ததும் பன்முறை நிகழ்ந்தன என்று அவரே எழுதி வைத்துள்ளார். ஆயினும் இறைவன் தருவான் என்று அவர் கைகட்டி இருந்துவிடவில்லை. வந்த உதவிகளை 1701 முதல் நூலாக அச்சிட்டு உலகறியச் செய்தார். மருந்தகமும், அச்சகமும், புத்தக விற்பனை நிலையமும் நிறுவி அவற்றின் வருவாயையும் பள்ளிக்கே சேர்த்தார். நான் பெரிதும் மதிப்பது அவரது இலவசப் பந்தியையே. ஏழைக் கல்லூரி மாணவர்கள் அங்கே உணவுண்டு, அதற்கு ஈடாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். உண்டவனே ஆசிரியனானான், பெற்றவனே கொடுப்பவனும் ஆனான். 1727இல் பிராங்கே மறைந்தபோது அப்பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்று வந்தனர். நூறாண்டுகளுக்குப் பின் ஹாலேயில் பயின்ற ஜார்ஜ் முல்லர் அந்த இல்லத்தில் சிறிது காலம் தங்கியவரே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 10,000க்கும் அதிகமான அநாதைகளை வளர்த்தவர் அவர். 1946இல் தன்னுரிமை இழந்த ஹாலே நிறுவனம், செருமனி மீண்டும் ஒன்றான பின் தன்னுரிமையைத் திரும்பப் பெற்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் ஹாலேயோடு தொடர்புடையவர்கள். அவர்கள் திறந்த பள்ளிகளுக்கும், உணவும் உடையும் கொடுத்துக் காத்த பிள்ளைகளுக்கும் செருமனியில் பலர் அளித்த காணிக்கைகள் ஹாலே வழியாக வந்து சேர்ந்தன. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. புதிய ஏற்பாடு முழுவதும் 1715இல் அச்சேறியது. தஞ்சை மன்னர் படையில் போர்வீரராய் இருந்த இராசநாயக்கன் என்னும் கத்தோலிக்கர் அந்த அச்சு நூலின் சுவிசேஷப் பகுதியைப் படித்து, 1728இல் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தார். அக்காலத்தில் பறையர் என ஒதுக்கி வைக்கப்பட்ட நம் மக்களில் ஒருவர் அவர். எழுத்தறிந்தவர், அஞ்சாதவர். உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் பல குடும்பங்களைச் சபையில் சேர்த்தார்.

இவ்விடத்தில் வரலாற்றாசிரியன் உண்மையை மறைத்தல் ஆகாது. ஹாலேயில் ஏழையை வீட்டிற்குள் அழைத்த அதே ஈகை, தரங்கம்பாடிக் கோயிலுக்குள் சாதிக்கொரு இடம் ஒதுக்கியது. 1733இல் ஆரோன் என்னும் வேளாளர்க்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. நெடுங்காலம் பணிபுரிந்தும் இராசநாயக்கனுக்கு அது அளிக்கப்படவில்லை. அவர் கையால் நற்கருணை வழங்கினால் மேற்குலத்துச் சபையார்க்கு அதன்மேல் மதிப்புக் குறையும் என்று மிஷனெரிமாரே எழுதி வைத்தனர். பள்ளியையும் புத்தகத்தையும் சோற்றையும் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து அனுப்பிவைக்க முடிந்த விசுவாசம், பந்தியில் சரிசமமாய் ஓரிடம் கொடுக்கத் தயங்கிற்று. இறைவன் அளிப்பதில் குறை வைத்தான் என்று நான் எண்ணவில்லை. பங்கிட்டவர்களின் கை நடுங்கியது என்றே எண்ணுகிறேன்.

இராசநாயக்கன் அதன்பொருட்டுச் சபையை விட்டு விலகினாரில்லை. தம் இறுதிக்காலம் வரை உபதேசியாராகவே இருந்து, ஊர் ஊராகச் சென்று, தமக்குக் கிடைத்த அந்த அச்சு நூலின் செய்தியைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லி வந்தார்.