பொத்தானின் விளிம்பு: திரை வடிவங்கள் குறித்துச் சில குறிப்புகள்

கணினித் திரையின் தோற்றத்தை ‘வெறும் ரசனைச் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. எந்தத் திரையும் யாரோ ஒருவரை மனதில் வைத்துத்தான் பேசுகிறது. அந்த ஒருவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1981ல் ஜெராக்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார்’ கணினி, திரையை மேசையாக ஆக்கியது. தாள், கோப்புறை, தபால் தட்டு எல்லாம் சின்னச் சின்னப் படங்கள். 1984ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் இதைப் பரவலாக்கியது. தெரிந்த பொருளைக் காட்டினால் தெரியாத இயந்திரம் பழகிவிடும் என்பது வாதம். சரி, யாருக்குத் தெரிந்த பொருள்? அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தவருக்கு. ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள் அவர்தான் இருந்தார்.

2010-12ல் இந்தப் போலச்செய்தல் உச்சிக்குப் போயிற்று. ஐபேடின் நாட்காட்டிக்குத் தையல் போட்ட தோல், புத்தகங்களுக்கு மர அலமாரி, குறிப்புகளுக்குக் கோடு போட்ட மஞ்சள் தாள்.

எதிர்க்குரல் 2010லேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் சுவிஸ் அச்சுக்கலையிடமும் போக்குவரத்து அறிவிப்புப் பலகைகளிடமும் பாடம் கேட்டு, எழுத்தையும் வண்ணக் கட்டங்களையும் முன்னால் வைத்தது. 2013ல் ஐஓஎஸ் 7 தோலையும் மரத்தையும் உரித்துப் போட்டது. திரை திரையாகவே இருக்கட்டும், வேஷம் எதற்கு என்றது தட்டை வடிவம். இதற்கு ‘நேர்மை’ என்று பெயர்.

இந்த நேர்மைக்கும் ஒரு வம்சாவளி உண்டு. வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ் 1910 வாக்கில் அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசியபோது, பச்சை குத்திக்கொள்ளும் பப்புவா மனிதரை நாகரிகத்தின் கீழ்ப்படியில் நிறுத்தித்தான் பேசினார். அலங்காரம் ‘அவர்களுடையது’, வெறுமை ‘நம்முடையது’ என்ற படிநிலை நவீனத்துவத்தின் உள்ளேயே இருக்கிறது.

தட்டையாக்கியதில் என்ன ஆச்சு? பொத்தானுக்கு விளிம்பு போயிற்று. எது படிக்கிற எழுத்து, எது தொடுகிற எழுத்து? வண்ணத்தை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 2014 மார்ச்சில் ஐஓஎஸ் 7.1 வந்தபோது பொத்தானின் வடிவம் திரும்பி வந்தது. எங்கே? அமைப்புகளுக்குள், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதியில், வேண்டுமானால் போட்டுக்கொள்ளும் ஒரு விசையாக. நேற்றுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இன்று விளிம்பில் இருப்பவர்களுக்கான சலுகை ஆகிவிட்டது. மையம் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் முறை இதுதான்.

2025ல் ஆப்பிள் ‘திரவக் கண்ணாடி’யைக் கொண்டுவந்தது. எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று புகார்கள் எழுந்தன. அதே ஆண்டு நவம்பரில் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ள இன்னொரு தெரிவு வந்து சேர்ந்தது. மறுபடியும் விசைதான்.

தோலா, தட்டையா, கண்ணாடியா என்கிற சண்டையில் நாம் கட்சி சேர வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் யாருடைய கண் ‘இயல்பான கண்’ ஆகிறது, யார் அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தால் போதும்.